ஒற்றை விரலுக்கு எழுந்த நுகத்தடி

முதல் மாட்டுவண்டி வாங்கச் சுரண்டைச் சந்தைக்குப் போனபோது என் மகளுக்குத் தவழ்கிற வயது. நான் பிறந்த வீட்டிலும் வண்டி இல்லை, வாழ வந்த வடகரை வீட்டிலும் இல்லை. மாடு இருந்தது, ஏர் இருந்தது. வண்டிக்காரர்கள் பேசுகிற பேச்சு எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று வெளியே சொல்கிற வழக்கமும் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

வியாபாரி ஒரு வண்டியைக் காட்டி, "இது லேசா முன்பாரம். மேட்டுல நல்லா ஏறும்," என்றார்.

வண்டியின் கனத்தில் கொஞ்சம் மாட்டின் கழுத்தில் உட்கார்ந்தால் அது முன்பாரம். அந்த மட்டுக்கு எங்களுக்கும் புரிந்தது. என் வீட்டுக்காரர் மாட்டைப் பிள்ளை போல வளர்த்தவர். முகம் சுண்டிவிட்டது.

"வாயில்லாச் சீவன் கழுத்துல எதுக்கு அண்ணாச்சி பாரம்? வேற காட்டுங்க."

"மாடு சொமக்காட்டா நீருதான் சொமக்கணும்," என்று சிரித்தபடி அவர் அடுத்த வண்டிக்குப் போனார். முன்னால் நீண்ட ஏர்க்காலின் நுனியில் நுகத்தடி கட்டியிருந்தது. அதை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார். "இது பின்பாரம். சரக்கை முன்னால தள்ளி ஏத்துனா ஒண்ணும் செய்யாது. வெளங்குதா?"

"வெளங்காம என்ன," என்றார் இவர்.

எனக்கு விளங்கவில்லை. அத்தனை பெரிய வண்டி ஒரு விரலுக்கு எப்படி எழுந்தது என்று கேட்க நினைத்தேன். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் வாய் திறக்கிற வழக்கமில்லை. அந்த வண்டியையே வாங்கினோம்.

சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக் கடைகளுக்குத் தேங்காய் ஏற்றினோம். பிள்ளைக்கு அங்கே கோயிலில் முடியிறக்க வேண்டும் என்பதால் நானும் ஏறினேன். மாட்டுக் கழுத்து நோகக்கூடாது என்று இவர் மூட்டைகளை எல்லாம் வண்டியின் வால்பக்கமே அடுக்கியிருந்தார். எனக்கும் அங்கேதான் இடம். ஏர்க்காலில் பெண்பிள்ளை உட்காரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் நுகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டு மேலே மிதந்தது. தொண்டையைச் சுற்றிய பூட்டாங்கயிறு இறுகியது. மாடுகள் செருமின.

"மாடு செருமுதே," என்றேன்.

"சாரக் காத்து. சும்மா இரி."

எனக்குப் பிள்ளையை இறுக்கிக்கொள்ளத்தான் தோன்றியது.

தென்காசி தாண்டி, குற்றாலத்துக்கு முந்தி ஒரு கால்வாய்ப் பாலம். அதில் ஏறுகிற மேடு செங்குத்து. பாதையை ஒட்டிக் கால்வாய் செந்தண்ணீராக ஓடியது. மாடு திணறவும், பாரம் குறையட்டும் என்று இவர் முன்னாலிருந்து குதித்து இறங்கினார். அந்த நொடியில் ஏர்க்கால் வானத்தைப் பார்த்து எழுந்தது. மூட்டைகள் சரிந்து விழுந்தன. நானும் பிள்ளையுமாக வால்பக்கம் வழுக்கினோம். வண்டியின் பக்கவாட்டில் நட்டிருந்த முளைக்கம்பு ஒன்று கைக்குச் சிக்கியது. மாடுகள் கயிற்றில் தொங்கி, நாக்குத் தள்ளி நின்றன. இவர் நுகத்தடியைப் பிடித்துத் தொங்கியும் அது இறங்கவில்லை. வண்டி மெல்லப் பின்னால், கால்வாய்ப் பக்கம் உருண்டது.

பின்னால் நெல் வண்டியில் வந்தவர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தார்.

"ஏட்டி, முன்னால போ. ஏர்க்கால்ல ஏறு," என்று அவரே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நான் எப்படி அங்கன ஏற?"

"மாடு செத்தா வண்டி தண்ணிக்குள்ளதான். பிள்ளையப் பாருட்டி."

பிள்ளையின் சட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு, முளைக்கம்புகளைப் பிடித்துப் பிடித்துத் தவழ்ந்தேன். ஏர்க்காலின் மேல் நெஞ்சு பட விழுந்த பிறகே அது தாழ்ந்தது. மாடுகள் மூச்சு விட்ட சத்தம் இன்றும் கேட்கிறது.

நெல் வண்டிக்காரர் எங்கள் மூட்டைகளை முன்னால் அடுக்கிக் கொடுத்தார். "மேட்டுல வண்டிக்காரன் முன்னால நவுந்து உக்காரணும். எறங்குதவன இப்பத்தான் பாக்கேன்," என்றார்.

முடியிறக்கும்போது பிள்ளை அழவில்லை. திரும்பும்போது இவர் ஏர்க்காலைத் தட்டி, "இங்கனயே இரி," என்றார்.

வாசலில் மாமியார் என்னை அந்த இடத்தில் பார்த்ததும் வைய வாயெடுத்தார்.

"அவள வையாதீங்க. எறங்குனா வண்டி தூக்கிக்கிடும்," என்றார் இவர்.

இவர் மாடுகளை அவிழ்த்து, அவை தொழுவத்துக்குள் போகிறவரை நான் ஏர்க்காலை விட்டு அசையவில்லை.