மாட்டு ஆபீஸ் மருமகள்

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பொலிகாளைகளின் விந்து தரமாக இருக்குமா என்பதை அவற்றின் மரபணுவை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறோம். இதில் ஒரு சொல் மட்டும் என் மாமியாருக்கு வாயில் வராது. தி.நகரில் எங்கள் குடும்பத்து ஜவுளிக்கடையில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "மாட்டு ஆபீசுல பெரிய வேல" என்று சொல்லிவிட்டு அவசரமாக அடுத்த சேலையை விரிப்பார்.

கல்யாணமாகி நாலு வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் எடுக்காத ஸ்கேன் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை, அடுத்து உங்க வீட்டுக்காரரை வரச்சொல்லுங்க" என்றார் டாக்டர். அவர் வந்தால்தானே! விடிந்ததும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிற மனிதர், ஜவுளி மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறவர். "எனக்கு என்ன கொறச்சல்? பாத்தா தெரியலையா?" என்பார். பார்த்தால் தெரியாது என்பதுதான் என் வேலையே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயம் ஒரு பண்ணையிலிருந்து மாதிரி வந்தது. கூடவே வந்த படத்தில் காளை ராஜா மாதிரி நின்றது. நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணுக்களில் பாதி அசையவே இல்லை. மீதி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. மரபணுவைப் படித்தோம். வெயிலில் விந்தின் தரம் குறைந்துபோகிற காளைகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கிற மாற்றம் இதிலும் இருந்தது. இந்த அடையாளம் ஒன்றும் ஜோசியம் இல்லை, சந்தேகத்தைச் சீக்கிரமே கிளப்பிவிடும், அவ்வளவுதான். "இன்னா மேடம், ஆளு ஹீரோ மாரி கீறான், உள்ள ஒண்ணியும் இல்லியே" என்று எங்கள் உதவியாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மாமியார் அடுத்த கோயிலைப் பற்றி ஆரம்பித்தார். பிறகு என்ன தோன்றியதோ, "ஏட்டி, மாடு செனை பிடிக்கலன்னா ஒங்க ஆபீசுல என்ன செய்வீய?" என்று கேட்டார்.

"மொதல்ல காளையைத்தான் பாப்போம், அத்தை."

"மாட்ட பாக்க மாட்டீயளா?"

"பாக்கணும்தான். ஆனா ஒரு காளையோட விந்து எத்தனையோ மாட்டுக்குப் போகுது. அதுல கோளாறு இருந்தா, மாட்டை மட்டும் டாக்டர் டாக்டரா இழுத்துட்டுப் போய் என்ன பிரயோஜனம்?" என்று சொல்லி, போனில் இருந்த அந்த ராஜா மாதிரிக் காளையின் படத்தைக் காட்டினேன். "இதுக்கும் கோளாறுதான்."

தொழில் முறையைத்தான் சொன்னேன். சரி, கொஞ்சம் வேண்டுமென்றும்தான் சொன்னேன். மாமியார் ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார். கணவர் மும்முரமாக அப்பளத்தை நொறுக்கினார்.

"எல, நாளைக்கு நீ கடைக்கு வர வேண்டாம். இவகூட டாக்டர்ட்ட போ."

"எம்மா, எனக்கு என்ன கொற?"

"அந்தக் காளையும் இதத்தாம்ல சொல்லியிருக்கும்!"

போனார். கோளாறு இருந்தது, சரிசெய்யக்கூடியதுதான் என்றார் டாக்டர். திரும்பும்போது ஆட்டோ சைதாப்பேட்டை பாலத்தைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் மாமியார், "ஒன்னையப் போயி இத்தன கோயிலு சுத்த விட்டுட்டேனேட்டி" என்று அழுதார். நானும் அழுதேன். அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

மறு வருஷம் ஆடித் தள்ளுபடி சமயம், எனக்கு ஏழாம் மாதம். கடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து வந்த உறவுக்காரம்மா தன் மருமகளை முன்னால் தள்ளி, "இவளுக்கும் இன்னும் ஒண்ணும் உண்டாகல. எந்தக் கோயிலுக்குப் போனீய?" என்று மாமியாரிடம் கேட்டார். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

மாமியார் விரித்த சேலையை விரித்தபடியே விட்டுவிட்டார்.

"கோயிலு கெடக்கட்டும். ஒம் மவனுக்கு மொதல்ல விந்து பாத்தியா?"

கடையே திரும்பிப் பார்த்தது. அந்த மருமகளும் நிமிர்ந்து பார்த்தாள்.