சுறா எண்ணெயும் ஸ்டோர் கதிரையும்

ஸைனுலாப்தீனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கதிரை. பெரிய உத்தியோகம் ஒன்றும் அவர் கேட்கவில்லை. அவர் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக வேலை பார்த்த மாட்டுப் பண்ணையின் ஸ்டோரில், கம்பி வலை அடித்த ஜன்னலுக்குப் பக்கத்தில், பிரம்பு பின்னிய பழைய கதிரை ஒன்று கிடந்தது. முஹம்மது தம்பி என்ற ஸ்டோர்கீப்பர் இருபது வருடமாக அதில் இருந்துகொண்டு, ஆணி கேட்டவனுக்கு ஆணியும் கிறீஸ் கேட்டவனுக்குக் கிறீஸும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். வருகிற சித்திரையோடு அவருக்கு ஓய்வு. அந்த இடம் தனக்குக் கிடைக்க வேண்டும். எழுபத்து நான்காம் ஆண்டு தை மாதத்தில் ஸைனுலாப்தீனின் மனதில் இருந்த ஆசை இது ஒன்றுதான்.

ஐம்பத்து நான்கு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. கிண்ணியாவில் விடியச் சுபஹு தொழுதுவிட்டுச் சைக்கிளை எடுத்தால், துறையடிக்கு வந்து, ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடலைக் கடக்கிற 'பாதை'க்குக் காத்து நின்று, அக்கரையில் இறங்கி மறுபடி ஆறு கட்டை தூரம் மிதிக்க வேண்டும். பண்ணைக்கு வந்து சேரும்போதே அரை நாள் வேலை செய்த அலுப்பு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை.

அந்த வேலைக்குப் பெயர் உருளை மெஷின். நாடு சுதந்திரமடைந்த மறு வருடம், அப்போது பண்ணையை வைத்திருந்த வெள்ளைக்காரர் கப்பலில் வரவழைத்தது. உழவு மெஷினுக்குப் பின்னால் கொளுவி இழுத்தால், வயலில் வரிசையாகக் கிடக்கும் வைக்கோலை அள்ளி, ஆறு பெல்ட்டுகளுக்கு நடுவில் போட்டுப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி, கயிறு சுற்றிப் பின்னால் தள்ளிவிடும். வெள்ளைக்காரர் போய்விட்டார். மெஷின் போகவில்லை. ஸைனுலாப்தீனின் வாழ்நாளைத் தின்பதற்கென்றே அது தங்கிவிட்டது என்றுதான் நான் சொல்லுவேன்.

பண்ணை மனேஜர் இராசதுரை கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாக்குக் கொடுப்பதில் கொஞ்சம் தாராளம்.

"இந்த ஒரு போகம் மட்டும். ஆயிரத்தைந்நூறு உருளை கட்டித் தாரும். ஸ்டோர் உமக்குத்தான். நானே மேலிடத்துக்குக் கைப்பட எழுதுறன்."

"போன வருசமும் இதைத்தான் சொன்னீங்க ஐயா."

"போன வருசம் முஹம்மது தம்பி போகேல்லயே. இந்த வருசம் போறார்."

போன வருடம் பாதிப் போகத்தில் ஒரு பெயரிங் உடைந்து மெஷின் நின்றுவிட்டது. ஆவணி வெயிலில் புல் கருகிய பிறகு பதினொரு மாடுகள் எழும்ப ஏலாமல் கிடந்து செத்தன. யாரும் ஸைனுலாப்தீனைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசியாக விழுந்த அந்தச் சிவப்பு மாடு தன்னைப் பார்த்த பார்வையை அவர் இன்னும் மறக்கவில்லை. கதிரை ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த முறை வைக்கோல் கட்டியாக வேண்டும்.

போகம் தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பே மெஷினைக் கொட்டிலிலிருந்து வெளியே இழுத்தார். முதலில் துப்புரவு. உள்ளே போன வருடத்துத் தூசி, எலிக்கூடு, ஒரு பாம்புச் சட்டை. சங்கிலிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். உருளைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கரகரத்த பெயரிங்குகளைக் கழற்றிக் கழுவினார். கிறீஸ் அடிக்கும் வாய் ஒன்பது. எட்டு கண்ணுக்குத் தெரியும். ஒன்பதாவது மேல் உருளைக்குப் பின்னால், மெஷினின் வயிற்றுக்குள். அதற்கு மல்லாந்து படுத்து, இடது கையைத் தோள்பட்டை வரை உள்ளே விட்டு, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாய் எங்கே இருக்கிறது என்று அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவர் ஒளிக்கவில்லை, மற்றவர்கள் கேட்கவுமில்லை. மண்ணில் மல்லாக்கப் படுத்துக் கை விட யாருக்கு ஆசை வரும்?

எல்லாம் முடிந்து பெல்ட்டுக்கு வந்தபோதுதான் மனிதருக்கு மனம் விட்டுப்போயிற்று. ஆறும் காய்ந்து வெடித்திருந்தன. புதிதாக வாங்க வழியில்லை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். மத்தியானச் சாப்பாட்டுக்கே மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து தின்னுகிற காலத்தில் மெஷின் பெல்ட்டுக்கு எங்கே போவது? வெடித்த இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, பழைய துண்டுகளை வைத்து இரும்புக் கொளுக்கியால் பொருத்த வேண்டும். ஒரு பெல்ட்டுக்கு ஒன்றரை நாள். அத்தனையும் குந்தியிருந்து செய்கிற வேலை.

அப்போதுதான் வீரசிங்கம் வந்து சேர்ந்தான். மெஷினை இழுக்கிற உழவு மெஷினின் ட்ரைவர். சல்லி என்ற கரையூரில் கடல்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. நல்லவன், எட்டாம் வகுப்பு வரை படித்தவன், எதற்கும் தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று நம்புகிறவன். ஸைனுலாப்தீனை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, ஏன் கிடந்து மாயிறீங்க? எங்கட தோணிக்குச் சுறா எண்ணெய் பூசுறம். வெயிலிலயும் உப்பிலயும் கிடந்தும் பலகை வெடிக்கிறேல்ல. இதுக்கும் பூசிப் பாருங்கோ."

"அது மரம் தம்பி. இது ரப்பரும் துணியும்."

"காய்ஞ்சதுக்கு எண்ணெய் தானே மருந்து? நாளைக்கு ஒரு டின் கொண்டாறன்."

ஸைனுலாப்தீனுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் மெஷினோடு மாரடித்த மனிதருக்குப் பெல்ட்டில் எண்ணெய் படக் கூடாது என்பது தெரியாமல் இருக்குமா? நன்றாகத் தெரியும். ஆனால் முழங்கால் அன்றைக்குப் படுத்திய பாடு, எதிரில் ஒன்பது நாள் குந்தல், இந்தப் பக்கம் ஒரு டின் எண்ணெய். 'சரி, கொண்டா' என்று சொல்லிவிட்டார். அலுத்துப்போனவனின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

இரண்டு பேருமாகப் பழந்துணியில் தொட்டு ஆறு பெல்ட்டுக்கும் பூசினார்கள். மறுநாள் பார்த்தால் பெல்ட்டெல்லாம் குழந்தைப் பிள்ளையின் தோல் மாதிரி மெத்தென்று வளைந்து கொடுத்தன. முன்கூட்டி அறுத்த முன்வயலில் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமில்லாமல், சிக்காமல், நாற்பது உருளை கட்டித் தள்ளியது. இராசதுரை நேரில் வந்து பார்த்து, "திங்கக்கிழமை கடிதம் எழுதுறன்" என்றார். ஸைனுலாப்தீன் அன்றைக்குப் பாதையில் நின்றபடி, வருடக்கணக்கில் நிமிர்ந்து பார்க்காத கடலை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு வீடு போனார்.

வாசலில் வைத்தே மனைவி றுக்கியா மூக்கைச் சுளித்தாள்.

"என்ன, இண்டைக்குக் கடலுக்கா போனீங்க?"

"மெஷின் வேலை. கதிரை கிடைச்ச மாதிரித்தான்."

"கிடைச்சா நல்லம். ராவு ராவா உங்கட முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை எனக்கும் மிச்சம். முதல்ல போய்க் குளிங்க. மீன் கூடையை வீட்டுக்குள்ள வச்ச மாதிரி இருக்கு."

அந்த வார்த்தையை அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அடுத்த நாள் உருளைகளைப் பிரித்து மாடுகளுக்குப் போட்டார்கள். முதல் மாடு வந்து மூக்கை வைத்தது, தும்மியது, திரும்பிப் போயிற்று. இரண்டாவது கிட்டவே வரவில்லை. நூற்றுச் சொச்சம் மாடுகளும் பட்டியின் மறுகோடியில் போய் நின்றுகொண்டு, மனிதர்களைப் பார்த்தன. இராசதுரை ஒரு கை வைக்கோலை எடுத்து முகர்ந்தார்.

"என்ன ஓய் இது? மீன் சந்தை மணக்குது."

ஸைனுலாப்தீன் தலையைக் குனிந்து நின்றார். வீரசிங்கம்தான் முன்னுக்கு வந்தான்.

"நான்தான் ஐயா எண்ணெய் கொண்டந்தனான். நானா வேணாம் எண்டுதான் முதல் சொன்னவர்."

"உன்னைக் கடல் பக்கமே விட்டிருக்க வேணும்," என்றார் இராசதுரை. "இனி நீ அந்த மெஷினுக்குக் கிட்டவும் வரப்பிடாது."

நாற்றம் ஒரு பக்கம் இருக்க, எண்ணெயில் ஊறிய பெல்ட்டுகள் வழுக்கவும் தொடங்கிவிட்டன. ஒன்பது நாளை மிச்சம் பிடிக்கப் போய்ப் பதினான்கு நாள் வேலையை வாங்கிக்கொண்டார் மனிதர். ஆறையும் கழற்றினார். கொதிதண்ணீரும் சவர்க்காரமும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினார். நிழலில் காய வைத்தார். மறுபடி கழுவினார். ஊறிப் புடைத்த இடங்களை வெட்டினார். எதற்குப் பயந்து எண்ணெயைத் தொட்டாரோ அந்தக் குந்தலைக் குந்தி, கொளுக்கி கொளுக்கியாகப் பொருத்தினார். சுண்ணாம்புத் தூள் தேய்த்து ஏற்றினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர், நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்ப ஏலாமல் கிடக்க, பக்கத்தில் நின்றவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது. வலியில் இல்லை, வெட்கத்தில்.

மாசி கடைசியில் மெஷின் வயலுக்கு இறங்கிற்று. வேறொரு ட்ரைவர் இழுத்தான். ஒவ்வொரு காலையிலும் ஸைனுலாப்தீன் மண்ணில் மல்லாந்து படுத்து, இடது கையை உள்ளே விட்டு, ஒன்பதாவது வாயைத் தடவிக் கிறீஸ் அடித்தார். பங்குனி முடியும்போது கொட்டிலில் ஆயிரத்து அறுநூறு உருளைக்கு மேல் அடுக்கியிருந்தது. மாடுகள் மறுபேச்சில்லாமல் தின்றன.

சித்திரையில் இராசதுரை கூப்பிட்டார். மேசையில் மேலிடத்துப் பதில் கடிதம் கிடந்தது. அவர் அதைப் பார்த்தாரே தவிர ஸைனுலாப்தீனைப் பார்க்கவில்லை.

"நான் உம்மைப் பற்றி நல்லாத்தான் எழுதினனான். இந்த மெஷின் ஓடுறது இந்த மனுசன்ர கையாலதான், வேற ஒருத்தராலும் ஏலாது எண்டு எழுதினனான்."

"ஓம் ஐயா."

"அதுதான் பிழையாப் போச்சு. அப்படிப்பட்ட ஆளை மெஷினை விட்டு எடுக்க வேணாமாம். ஸ்டோருக்கு வேற ஆளைப் போடச் சொல்லிட்டினம்."

"யாரு ஐயா?"

இராசதுரை பேனையை மூடினார், திறந்தார். "எழுத வாசிக்கத் தெரிஞ்ச, மெஷினுக்குத் தேவைப்படாத ஆள் இங்க ஒருத்தன்தான் இருக்கிறான்."

ஸைனுலாப்தீன் கொட்டிலுக்குப் போய், செய்ய வேலை ஏதும் இல்லாமல், சங்கிலி ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் ஒழுங்காக வேலை செய்ததற்கு இதுதானா சம்பாத்தியம் என்று அவருக்கு மனம் எரிந்தது. அரைகுறையாகச் செய்திருந்தால் இந்நேரம் கதிரையில் இருந்திருப்பார். அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆடி மாதம். அடுத்த போகத்துக்கு மெஷினைத் தயார் பண்ண வேண்டும். கிறீஸ் வாங்க ஸ்டோருக்குப் போனார். மூன்று மாதமாக அந்தப் பக்கம் போகாமல் வேறு ஆட்களை அனுப்பிச் சமாளித்தவர், அன்று ஆள் கிடைக்காமல் தானே போனார். வீரசிங்கம் அவரைக் கண்டதும் திடுக்கிட்டுக் கதிரையிலிருந்து எழுந்து நின்றான்.

"நானா, நான் கேட்டு வாங்கேல்ல."

"தெரியும். ஒரு டின் கிறீஸ் தா."

"எடுத்துத் தாறன். உள் அறையில இருக்கு. அதுவரைக்கும் இதில இருங்கோ."

நின்று காத்திருக்க முழங்கால் விடவில்லை. இருந்தார். பிரம்பு கொஞ்சம் தொய்ந்து அவரைத் தாங்கிக்கொண்டது. கம்பி வலை வழியாகக் காற்று வந்தது. சாய்மானத்தில் முதுகைக் கொடுத்தார்.

வீரசிங்கம் டின்னோடு வரும்போது அவர் நித்திரை. கைகள் மடியில் கிடந்தன, இடது கை முழங்கை வரை பழைய கிறீஸ் கறுப்பு. வீரசிங்கம் டின்னைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். ஆணி கேட்டு ஒருவன் வந்தான், பலகை கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் உதட்டில் விரலை வைத்துக் காட்டி அடக்கி, நின்றபடியே சாமான் கொடுத்து, சுவரில் கொப்பியை வைத்துக் கையெழுத்து வாங்கினான். ஐந்து மணிக்கு மணி அடிக்கும் வரை அவன் உட்காரவில்லை.

மணிச் சத்தத்தில் ஸைனுலாப்தீன் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார்.

"கிறீஸ் எங்க?" என்றார்.

வீரசிங்கம் டின்னைக் கொடுத்தான். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினடிக்கு நடந்தார்.