பித்தளைக் கிளிப்

ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியைக் காட்டினால் அறுவடை ஆட்கள் கூலி நெல்லில் அரை மரக்கால் அதிகம் கேட்க மாட்டார்கள் என்று நம்பிய முட்டாள் நான். துப்பாக்கி மாமனார் கொடுத்தது. ஐந்து தோட்டாக்களைச் சேர்த்து உள்ளே தள்ளும் தகட்டுக் கிளிப்புகள்தான் சரியில்லை. ஒன்று தோட்டாவைப் பிடிக்காது, இன்னொன்று விடாது.

நம்பகமான கிளிப்புக்காகக் கும்பகோணம் முழுக்க அலைந்தேன். கடைசியில் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பித்தளையில் செய்து கொடுத்தார்கள். தோட்டாக்கள் கச்சிதமாக உட்கார்ந்தன.

கூலிப் பேச்சு நாளில், மிரட்ட இதுவே போதும் என்று கிளிப்பை மட்டும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். ஆட்களின் தலைவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலைப்பாடு நல்லாருக்குங்க. துப்பாக்கி எங்கங்க?"

"வீட்டுலதான்."

"இல்லீங்களே! போன எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைக்க என் வண்டியிலதான கொண்டுபோனோம்? திருப்பி வாங்கிட்டு வர நீங்க கூப்பிடவே இல்லீங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். கிளிப் தேடும் மும்முரத்தில், துப்பாக்கி வீட்டில் இல்லாததே எனக்கு மறந்துபோயிருந்தது. அவர்கள் கேட்ட கூடுதல் அரை மரக்காலுக்குச் சம்மதித்துவிட்டு வீடு திரும்பினேன்.

கதையைக் கேட்ட மனைவி சொன்னாள்: "பித்தளைப் பட்டறை வரைக்கும் போனீங்களே, ஒரு டபரா செட்டாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்."