வடிகட்டிய பார்லி

நாகமலை புதுக்கோட்டை மாடி வீட்டில் மகள் பார்லி வேகவைக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம், கால் வீங்கியிருக்கிறது. நனைந்த வைக்கோல் போன்ற அந்த வாசனை என்னைச் சின்ன வயதில் அம்மா, அத்தாவோடு இருந்த யானைக்கல் சந்து வீட்டுக்கு இழுத்துப்போனது.

அப்போது தம்பி அம்மா வயிற்றில் இருந்தான். வாசலில் கட்டியிருந்த வெள்ளாடும் சினையாக இருந்தது. அத்தா நாட்டுமருந்துக் கடையில் பார்லி வாங்கி வருவார். அம்மா அதை வேகவைத்து, தண்ணீரை மட்டும் வடித்துக் குடித்துவிட்டு, வெந்த மணிகளை ஆட்டுக்குக் கொட்டுவாள்.

ஆடு இரண்டு கொழுத்த குட்டிகளைப் போட்டது. தம்பியோ பூனைக்குட்டி போலப் பிறந்தான். பிள்ளை பார்க்க வந்த பெரியம்மா, ஆட்டுச் சட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏண்டி, தண்ணிய நீ குடிச்சிட்டு சத்து அம்புட்டையும் ஆட்டுக்கா போட்ட?”

அன்றிலிருந்து வெந்த பார்லியில் மோரும் உப்பும் கலந்து அம்மா ஒரு கிண்ணம் சாப்பிடுவாள். ஆட்டுக்கும் ஒரு கிண்ணம். இருவருக்கும் பால் பெருகியது. பெருநாள் வருவதற்குள் தம்பியை என்னால் இடுப்பில் தூக்கவே முடியவில்லை.

மகள் வடிகட்டியை எடுத்தாள்.

“அத வச்சிரும்மா,” என்றேன். “இப்ப நம்ம வீட்டுல ஆடு இல்ல.”