கூண்டுக்குள் ஐந்து நட்சத்திரம்

போன கோடையில் இரவுப் பணி முடிந்து வந்த என் மனைவி, துவாரகா மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டிலேயே மயங்கி விழுந்தாள். அவள் நர்ஸ். எந்த வார்டில் வேலை பார்த்தாளோ அதே வார்டில் அவளைப் படுக்கவைத்தார்கள். உடம்புச் சூடு இன்னொரு முறை அப்படி ஏறினால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். ராத்திரி விழித்துப் பகலில் தூங்குகிறவள், அந்தத் தூக்கமாவது குளிர்ச்சியில் இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து டெல்லியின் மே மாதம் எனக்கு நாட்காட்டியில் இருக்கும் மாதமாகத் தெரியவில்லை. எங்கோ கிளம்பி எங்கள் வீட்டைத் தேடி வந்துகொண்டிருக்கும் ஓர் ஆள் மாதிரித் தெரிந்தது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுக்கிறேன். படிக்காதவனுக்கு எதைப் பார்த்தாலும் இரண்டு தடவை பார்க்கிற வழக்கம் வந்துவிடும். அதனால் ஏசி வாங்க அவளோடு கடைக்குப் போனபோது, பெட்டியை விட்டுவிட்டு அதன்மேல் ஒட்டியிருந்த அரசாங்க ஸ்டிக்கரைத்தான் பார்த்தேன். வில் மாதிரி வளைந்து நட்சத்திரங்கள். கீழே ஓர் எண். அதற்கும் கீழே பொடி எழுத்து.

"அஞ்சு நட்சத்திரமே எடுப்போம். நல்லா குளிரட்டும்," என்றேன்.

"ஏங்க, நட்சத்திரம் கூடுனா குளிரு கூடும்னா நெனச்சிய?" என்று சிரித்தாள். "அது மைலேஜ் மாதிரி. எவ்வளவு கரண்ட தின்னுட்டு எவ்வளவு குளிரு தருதுங்கறதுதான் அந்த நம்பரு. கொஞ்சமா தின்னு நெறய தந்தா அஞ்சு. குளிரு வேணும்னா டன்னப் பாருங்க. நம்மது மொட்டமாடிக்குக் கீழ உள்ள ரூமு, ஒன்றர டன்னாவது வேணும்."

நான் பொடி எழுத்துக்குப் போனேன். அந்த நட்சத்திரம் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை செல்லும் என்று போட்டிருந்தது. முடிகிற வருடம் ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது. அதைக் காட்டினேன்.

கடைக்காரர் கையை வீசினார். "அரே பையா, தூத் தோடி ஹை," என்றார். கெட்டுப்போக இது என்ன பாலா என்று கேட்கிறார். ஆனால் தேதி தாண்டிய மருந்தைத் தொடாத கை என் மனைவியுடையது. சில வருடத்துக்கு ஒருமுறை அளவை இறுக்கிவிடுவார்கள், பழைய ஐந்து இன்றைக்கு நாலோ மூன்றோதான் என்று எனக்கு விளக்கிவிட்டு, புதிய ஸ்டிக்கர் உள்ளதைக் காட்டச் சொன்னாள். ஸ்டிக்கரில் படிக்க வேண்டியது எதையும் நாங்கள் விடவில்லை. இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் ஏசியின் வெளிப்பெட்டியை யாரும் மூடாமல் வைப்பதில்லை. குரங்கு வந்து குழாயைப் பிடித்து இழுக்கும். குரங்கு விட்டாலும் செம்புக் குழாயைத் திருடன் அறுத்துக்கொண்டு போவான். மே மாதப் புழுதிக்காற்று வேறு. அதனால் எல்லா வீட்டுப் பின்பால்கனியிலும் இரும்புக் கூண்டு, அதைச் சுற்றித் தகரம், தகரத்தின்மேல் தார்ப்பாய். கீழ்வீட்டு அம்மா தன் கூண்டைக் காட்டி, "இப்படிக் கட்டினால்தான் நிம்மதி" என்று இந்தியில் சொன்னார். நிம்மதி என்ற சொல்லைக் கேட்டால் நான் எதையும் செய்வேன். கூண்டு செய்தேன். மூன்று பக்கமும் தகரம் அடித்தேன். முன்பக்கம் தார்ப்பாய் கட்டி, காற்றுப் போக ஒரு சாண் இடம் விட்டேன். அவளும் வந்து கயிற்றை இறுக்கிக் கொடுத்தாள்.

ஏப்ரலில் ஒரு குறையும் இல்லை. அறை குளிர்ந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம். வெளிப்பெட்டி அடங்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டிக்', கிளம்பும். மாவு அரைத்துக்கொண்டே அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பேன். அது கேட்டால் அவள் உள்ளே நன்றாகத் தூங்குகிறாள் என்று அர்த்தம்.

மே பிறந்ததும் அந்தச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது. பெட்டி அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கூண்டின் மேல் எப்போதும் உட்காரும் புறாக்கள் வருவதை நிறுத்தின. பக்கத்தில் தொட்டியில் இருந்த கறிவேப்பிலை, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும், கூண்டைப் பார்த்த பக்கம் மட்டும் கருகத் தொடங்கியது. ஒருநாள் ஏசி சுவிட்சைத் தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

"எனக்கு என்னமோ சரியாப் படல," என்றேன்.

"ஒங்களுக்கு என்னைக்குச் சரியாப் பட்டிருக்கு? லிஃப்ட்டுல ஏறுனா கயிறு அறுந்துருமோன்னு பாப்பிய. அஞ்சு ஸ்டாருங்க அது. புதுசு. சும்மா இருங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம், வெளியே தெருநாய்கூட இல்லாத நேரம். கிரைண்டரை நிறுத்தியதும் வீடு விசித்திரமாக அமைதியாக இருந்தது. பால்கனிப் பக்கம் இரைச்சலே இல்லை. 'டிக்' சத்தத்தை நான் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே அவள் தூங்கும் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஏசி காற்றை வீசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வீசியது அனல். வெளிப்பெட்டி எப்போதோ நின்றுவிட்டிருக்கிறது. உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. காற்று மேலே பட்டுக்கொண்டே இருந்ததால் தூக்கத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

முகம் சிவந்திருந்தது. தோலில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். உதடு அசைந்தது, யாரோ நோயாளிக்கு டிரிப் மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். வார்டில் இருப்பதாக நினைப்பு. ஒரு வாளித் தண்ணீரைக் கட்டிலோடு அவள்மேல் ஊற்றினேன். ஈரத்துண்டைப் போட்டு மின்விசிறியைத் திருப்பினேன். பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"ஐஸு... கக்கத்துல வைங்க. கழுத்துலயும்," என்றாள். அந்த நிலையிலும் நர்ஸ்.

ஐஸ் இல்லை. ஃப்ரிட்ஜ் நிறைய மாவுப் பொட்டலங்கள் இருந்தன. எடுத்து வந்து இரண்டு கக்கத்திலும் கழுத்திலும் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "மாவா?" என்றாள். "இத யாருக்கும் வித்துராதிய."

அவள் சிரித்த பிறகுதான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

மருத்துவமனைக்குப் போய், ரத்தம் பார்த்து, சிறுநீரகம் தப்பித்தது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து தார்ப்பாயை அவிழ்த்தேன். சாயங்காலம் ஆகியும் உள்ளேயிருந்து பேக்கரி அடுப்பின் கதவைத் திறந்த மாதிரி அனல் வந்து முகத்தில் அறைந்தது. அறையிலிருந்து எடுத்த சூட்டை எல்லாம் அந்தப் பெட்டி வெளியே தள்ள வேண்டும். நாங்களோ அது வெளியே விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கும்படி கட்டிவைத்திருந்தோம். சூடு தாங்காமல் அது நின்றுவிட்டது. ஐந்து நட்சத்திரம் காற்றில் நிற்கிற பெட்டிக்குக் கொடுத்தது. தகரத்துக்குள் நின்ற பெட்டிக்கு எத்தனை என்று எந்த ஸ்டிக்கரிலும் போட்டிருக்கவில்லை.

தகரத்தைக் கழற்றிவிட்டேன். கம்பி மட்டும் இருக்கிறது. 'டிக்' சத்தம் திரும்பி வந்தது. கீழ்வீட்டு அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பந்தர் ஆயேகா, பையா," என்றார். குரங்கு வருமாம். அவர் கூண்டும் மற்ற வீட்டுக் கூண்டுகளும் அப்படியேதான் இருக்கின்றன. வெளியே நின்று கேட்டால் இடைவெளி இல்லாத ஒரே இரைச்சல். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் பகலில் யார் தூங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மா சொன்னபடி குரங்கும் வந்தது. என் மனைவி காலையில் வந்து படுத்திருந்தாள். பெரிய ஆண்குரங்கு. மற்ற கூண்டுகளின் தகரத்தில் கையை வைத்து, சுட்டதும் உதறிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி எங்கள் கூண்டுக்கு வந்து உட்கார்ந்தது. கம்பிக்குள் கையை விட்டுக் குழாயைத் தொட்டது. சத்தம் போட்டால் அவள் எழுந்துவிடுவாள். போடாவிட்டால் குழாய் போய்விடும். துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நான் பேசாமல் நின்றேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தது. பெட்டி 'டிக்' என்று அடங்கியது. குரங்கு குழாயை விடவில்லை.