பேருக்கு மூணாம் வகுப்பு, பாய்க்கு ஒண்ணாம் வகுப்பு

தொடக்கப் பள்ளியில் உதவியாளர் வேலை என்பது பாதி நேரம் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது, மீதி நேரம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல் பாதி எனக்கு நன்றாக வரும்.

பிளஸ் டூ முடித்தேன். மேலே படிக்க எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. "போன் கம்பெனிக்குப் போடி, வேன் வீட்டாண்ட வந்து ஏத்திக்குது, மத்தியானம் சோறு போடறாங்க" என்றாள் அம்மா. நாள் பூரா நின்றுகொண்டு ஒரே திருகாணியைத் திருக என்னால் ஆகாது. ஒரு அறக்கட்டளை ஆள் எடுத்தது, சேர்ந்துவிட்டேன். ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஊராட்சிப் பள்ளியில், பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள உதவ வேண்டும். இதுதான் வேலை. குருபரப்பள்ளியிலிருந்து தினமும் பஸ். என்னைப் போலவே பாய் விரிக்கவும் சாக்பீஸ் பொறுக்கவும் ஓடிக்கொண்டிருக்கும் அக்காக்களே, அண்ணன்களே, இதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. கூடச் சேர்ந்து கொஞ்சம் கோபப்படுங்கள், போதும்.

எட்டு வயதுக்குச் சின்ன இடம்

சஸ்மிதா ஒடிசாவிலிருந்து வந்த பெண். எட்டு வயது. அப்பாவுக்கு இரும்பை உருக்கி வார்க்கிற கம்பெனியில் வேலை, அம்மா ரோஜாக் கொட்டகையில் பூ வெட்டுகிறாள். ஊரில் இரண்டு வகுப்பு முடித்திருந்ததால் இங்கே மூணாம் வகுப்பில் சேர்த்தார்கள். பேர் மட்டும்தான் அங்கே. உட்கார வைத்தது ஒண்ணாம் வகுப்புப் பாயில். காரணம், அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சின்னதுகள் அவள் முதுகைச் சுவர் என்று நினைத்துச் சாய்ந்துகொள்ளும். பக்கத்து அறையில் அவள் வயசுப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது இவள் உதடு அசையும். அவளுக்கு வாய்ப்பாடு தெரியும். அது வேறு மொழியில் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. நானும் ஒரு தமிழ் எழுத்தும் தெரியாமல்தான் பள்ளிக்கூடம் போனேன். என்னை யாரும் கீழ் வகுப்புக்கு இறக்கவில்லை. நான் சேர்ந்ததே ஒண்ணாம் வகுப்பு, அதற்குக் கீழே இறக்க இடமில்லை என்பது வேறு விஷயம். தலைமை ஆசிரியையிடம் போனேன். அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். வயசுக்குத் தகுந்த வகுப்பில் உட்கார வைக்கணும் என்று சட்டமே இருக்கிறது என்றேன். முட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அரைப் பரீட்சைக்குள்ள மூணாம் வகுப்புப் புத்தகத்த வாசிச்சுக் காட்டட்டும், மாத்தறேன். வாசிக்கலன்னா வருஷம் பூரா அங்கதான். உன் சட்டமா வந்து பாடம் நடத்தப்போவுது?"

பீரோவுக்குள் கணக்கு

சரி, வாசிக்க வைத்துவிடலாம் என்று களத்தில் இறங்கினேன். பள்ளிக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. உள்ளே மணிச்சட்டம், முள்ளைத் திருப்புகிற கடிகாரம், தராசு, மரத்தில் வெட்டிய எழுத்துகள். ஒவ்வொன்றும் பிள்ளைகள் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்காகவே செய்தது. அது பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி பெரிய டீச்சர் கைப்பைக்குள். கைப்பை அவர் தோளில். பாத்ரூம் போனாலும் தோளில்தான்.

எழுத்துகளை மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்டேன். உடைந்தால் யார் பதில் சொல்வது, ஆய்வுக்கு வந்தால் எதைக் காட்டுவது என்றார். பிள்ளைகள் எடுத்துப் படிப்பதைக் காட்டலாமே என்றேன். நான் ஏதோ பெட்டியைத் திருடப் போவதாகச் சொன்னதுபோலப் பார்த்தார். வீட்டிலிருந்து புளியங்கொட்டை ஒரு பை கொண்டுவந்து, தரையில் சாக்பீஸால் எழுதி, கோட்டின் மேலேயே கொட்டையை அடுக்கச் சொன்னேன். சஸ்மிதா அன்றைக்கு 'ப' அடுக்கினாள். அடுத்து 'ட'. அதைப் பார்த்துவிட்டாவது பெட்டியைத் திறப்பார் என்று மறுபடி போய்க் கேட்டேன். பெரிய டீச்சர் பொறுமையாகவே விளக்கினார். "அதெல்லாம் புதுசா இருக்கணும்மா. புள்ளைங்க தொட்டா பழசாயிடும்."

கப்பில் பீன்ஸ்

மூணாம் வகுப்பில் மஞ்சு என்று ஒரு பையன். மஞ்சுநாத். வீட்டில் கன்னடம். வாய் ஓயாது. சஸ்மிதாவுக்கு இவனைத் துணைக்குப் போட்டேன். விதை முளைப்பதைப் பார்க்கட்டும் என்று ஆளுக்கொரு டீக்கப்பில் மண் போட்டு, பீன்ஸ் விதை ஊன்றி, கப்பில் அவரவர் பேரைத் தமிழில் எழுத வைத்தேன். சஸ்மிதா தன் பேரை எழுதியது அன்றைக்குத்தான் முதல் தடவை. 'ஸ்' கப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டது. விதைதான் பாவம். முளைத்ததா என்று மஞ்சு தினமும் தோண்டிப் பார்த்தான். தன்னுடையதைப் பார்த்தபிறகு மற்றவர்களுடையதையும் பார்த்தான்.

கடைசியில் மஞ்சுவினுடையது ஒன்று எப்படியோ தப்பிப் பிழைத்து இரண்டு இலை விட்டது. பெருமையாக வீட்டுக்குக் கொண்டுபோனான். மறுநாள் காலையில் அவன் அப்பா கப்போடு வந்து நின்றார். தளி ரோட்டில் நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு எதிரே போனேன். "ஏனம்மா, நம்ம தோட்டத்துல இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் பீன்ஸ்தான். அதுல இருந்து தப்பிச்சுப் போவட்டும்னுதான் இவன இஸ்கூலுக்கு அனுப்பறேன். நீ அதையே கப்புல போட்டு வீட்டுக்கு அனுப்பறே."

சுவரில் தண்ணீர்

மஞ்சு சஸ்மிதாவுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது திட்டுகிற வார்த்தைகள். அவளும் பதிலுக்கு அவள் ஊர் வார்த்தைகளைக் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள். இது நல்ல வழி என்று தோன்றியது. ஒரு பெரிய தாளில் பானை வரைந்து, கீழே தண்ணீரை நம் பிள்ளைகள் வீட்டில் சொல்கிற மாதிரியெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதினேன். தண்ணி. நீரு. நீள்ளு. பாணி. கடைசி வார்த்தை சஸ்மிதா சொன்னது. சுவரில் ஒட்டியதும் பக்கத்தில் வந்து நின்றாள். விரலை வைத்து, பா, ணி என்று கூட்டினாள். கூட்டி முடித்ததும் அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் தமிழில் வாசித்த முதல் வார்த்தை அவளுடைய வார்த்தை.

மறுநாள் தாள் இல்லை. கிழித்து அடுப்புக்குப் போட்டாகிவிட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் தமிழ்தான் இருக்கணும், வாயிலும் தமிழ்தான் வரணும், உனக்கு யார் இந்த அதிகாரம் கொடுத்தது என்று பிள்ளைகள் முன்னாலேயே என்னைப் பிடித்தார் பெரிய டீச்சர். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்தான், அவருக்கும் தலைவலி உண்டு, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஏனென்றால் என்னைத் திட்டி முடித்த அதே மூச்சில், சோறு ஆச்சா இல்லையா என்று சமையலம்மாவை அவர் கேட்டது சுத்தமான தெலுங்கில். "ஏமே, அன்னம் அயிந்தா லேதா?"

ஒடிசா அளவு

ஒரு கம்பெனியிலிருந்து பிள்ளைகளுக்குப் பை கொடுக்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். அன்றைக்கு மாநிலங்கள் நாள் வைப்பதாக முடிவு. ஒவ்வொரு மாநிலத்தையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஓசூரில் வாடகைக்கு உடுப்பு எடுத்து வந்தார்கள். மஞ்சுவுக்குப் பஞ்சாப். தலைப்பாகை கண்ணை மறைத்து, சுவரில் இடித்துக்கொண்டு திரிந்தான். ஒடிசா உடுப்பும் வந்திருந்தது. எனக்குச் சந்தோஷம். சஸ்மிதா அம்மாவிடம் சொல்லி, அவள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாட வைக்கலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த உடுப்பை நாலாம் வகுப்பு திவ்யாவுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திவ்யா இந்த ஊர்ப் பிள்ளை, பக்கத்தில் இருக்கிற அத்திப்பள்ளி தாண்டிப் போனதில்லை. சஸ்மிதாவைக் கையில் கல்கண்டுத் தட்டோடு வாசலில் நிறுத்தியிருந்தார்கள், வருகிறவர்களை வரவேற்க. கல்கண்டு மேல் ஈ உட்காராமல் அவள் விரட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டீச்சர், ஒடிசாவில இருந்து வந்த புள்ளையே இருக்கறப்ப வேற ஒருத்திக்கு எதுக்கு ஒடிசா வேஷம்?" என்று கேட்டுவிட்டேன். உடுப்பு திவ்யா அளவுக்குத்தான் சரியாக இருக்கிறது, இவளுக்குத் தொளதொள என்று கிடக்கும் என்றார். பின் குத்திக்கொள்ளலாம் என்றேன். பெரிய டீச்சர் வாசல் பக்கம் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பின்னு குத்தினாலும் எடுபடாதும்மா. இவளப் பாத்தா ஒடிசா மாதிரியே இல்லையே."

இன்றைக்கு மட்டும்

வந்தவர்கள் நல்ல மாதிரிதான். அதில் ஒரு அம்மா, ஆட்டம் பாட்டம் எல்லாம் சரி, பிள்ளைகள் எப்படிச் செய்து படிக்கிறார்கள் என்று பார்க்கணும் என்றார். பீரோ திறந்தது. பெட்டி வெளியே வந்தது. ஒவ்வொன்றும் வந்த உறைக்குள் அப்படியே பளபளவென்று இருந்தது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, கடிகாரத்தை உறையிலிருந்து எடுத்து, "மணி மூணு வெச்சுக் காட்டு கண்ணு" என்று திவ்யாவிடம் நீட்டினார்.

திவ்யா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் நீட்டினார். அதுவும் கட்டிக்கொண்டது. குஜராத், கேரளா, பஞ்சாப் எல்லாரும் வரிசையாகக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்கள். பீரோ திறந்திருந்தால் கை பின்னால் போகணும், அதுதான் எங்கள் பள்ளியில் பழக்கம். பிள்ளைகள் ஒழுங்காகத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் போட்டோ எடுக்க போனைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். பெரிய டீச்சருக்கு வேர்த்துவிட்டது. "தொடுங்கடா! ஏய், தொடுங்க! இன்னிக்கு மட்டும் தொடலாம்!"

அரைப் பரீட்சை

புளியங்கொட்டை தேயத் தேய அடுக்கினோம். பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், சாப்பாட்டு நேரம், பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகும் நேரம், எல்லாம் எடுத்துக்கொண்டோம். சஸ்மிதா கடைப் பலகை வாசித்தாள், பிஸ்கட் உறை வாசித்தாள், மஞ்சுவின் சட்டையில் இருந்ததை வாசித்தாள். அரைப் பரீட்சை முடிந்த அன்று அவளைப் பெரிய டீச்சர் முன்னால் நிறுத்தினேன். மூணாம் வகுப்புப் புத்தகம். ஒரு நரிக் கதை. அவர் எடுத்துக் கொடுத்த பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். மெதுவாகத்தான். 'ழ' வந்த இடத்தில் 'ல' சொன்னாள். இந்த ஊரில் யார் சொல்லவில்லை?

"எழுத்துக் கூட்டறா, அவ்வளவுதான். அர்த்தம் புரியணுமே" என்றார் பெரிய டீச்சர். நரி என்ன செய்தது என்று கேட்டார். அவள் பின்னால் பின்னால் நகர்ந்து, ஓடி, குழியில் விழுந்து காட்டினாள். மஞ்சு கைதட்டினான். "வாயால சொல்லல பாரு. ஜூன்ல பாக்கலாம்" என்றார் பெரிய டீச்சர். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "வாசிச்சா மாத்தறேன்னு சொன்னீங்க. வாசிச்சுட்டா. இப்ப வேற ஒண்ணு கேட்டா எப்படி டீச்சர்?" உன்னை யாரும் கேட்கவில்லை, அறக்கட்டளைக்குப் போன் போட்டுச் சொன்னால் நாளைக்கே வேறு ஆள் அனுப்புவார்கள் என்றார். அனுப்புவார்கள் என்று எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் கத்துவதைச் சஸ்மிதா மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒண்ணாம் வகுப்புக்குப் போனாள். பையை எடுத்துக்கொண்டாள். சாய்ந்திருந்த ஒரு பொடியனை நேராக உட்கார வைத்தாள். அங்கிருந்து நேரே மூணாம் வகுப்பு அறைக்குள் நடந்துபோய், மஞ்சு பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சு நகர்ந்து இடம் விட்டான். பெரிய டீச்சர் பின்னாலேயே போய் வாசலில் நின்று, "ஏய் சஸ்மிதா, எழுந்திரு. யாரக் கேட்டு இங்க வந்த? போ உன் வகுப்புக்கு" என்றார். அவள் நிமிர்ந்து பெரிய டீச்சரைப் பார்த்து, ஒரு எழுத்துத் தப்பாமல், கணீரென்று சொன்னாள். "எனக்குத் தமிழ் தெரியாது, டீச்சர்."

அதற்குமேல் அவளை யாரும் எழுப்பவில்லை, இந்த வருஷம் என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று அறக்கட்டளையில் என்னைக் கேட்டால், ஒரு பிள்ளை எழுந்துபோய் வேறு இடத்தில் உட்காரக் கற்றுக்கொண்டது, அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை என்றுதான் சொல்லியாக வேண்டும்.