மூன்று வசனம் பேசிய அண்ணா

என் அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அவர்தான் என்று தெரியாமலே. ஆங்கிலத் தொடர்களில் கடைக்காரராகவோ பேருந்துச் சாரதியாகவோ ஒரு நிமிடம் வந்து போவார். நாற்பது ஆண்டுகள் அதுதான் அவருடைய தொழில்.

பருத்தித்துறையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். கணக்கியல் படிக்க இலண்டன் போய், இரண்டாம் வருடமே நாடகக் குழுவொன்றில் சேர்ந்துவிட்டார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. கதாநாயகன் வேடம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதற்காக அவர் முகம் சுளித்து நான் கண்டதில்லை.

ஒருமுறை நோர்வேயில், ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் உள்ள எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, அடுத்த வேடத்துக்குப் பழக ஒரு வாரமாக வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அத்தான், ரெண்டு வசனத்துக்கு இவ்வளவு பாடோ?"

"வசனம் ரெண்டுதான். அந்த மனிசன் அறுபது வருசம் வாழ்ந்தவனெல்லோ!"

நானும் அப்போது சிரித்தவள்தான். உண்மையைச் சொன்னால், அவர் தொழிலில் எனக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை.

அப்பா ஊரில் காலமானபோது போரினால் பாதை பூட்டியிருந்தது. அண்ணாவாலும் போக முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிடைக்கவில்லையே என்று நான் ஒஸ்லோவில் அழுதுகொண்டிருக்க, அவருடைய மூத்த மகனான அண்ணா இலண்டனில் மேடையேறிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் கத்தினேன்.

"அப்பா செத்து எட்டு நாளாகேல்லை. உங்களுக்கு நாடகம் கேக்குதோ?"

"வந்து பார் தங்கச்சி. பாத்திட்டு ஏசு."

ஏசத்தான் விமானம் ஏறினேன்.

அண்ணாவுக்கு ஒரு வயதான கணக்கப்பிள்ளையின் வேடம். மூன்றே வசனம். உள்ளே வந்து தொண்டையைச் செருமினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். வெள்ளைக்காரர் நிறைந்த அந்த மண்டபத்தில், ஆங்கிலம் பேசிக்கொண்டு, எங்கள் அப்பா நின்றார். அதே செருமல், அதே சாய்ந்த தோள். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்; பின்னால் இருந்தவர் இருக்கச் சொன்னதும் காதில் விழவில்லை.

நாடகம் முடிந்ததும் அண்ணாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"எங்களாலை அங்கை போகேலாது தங்கச்சி. அதுதான் அவரை இஞ்சை கூப்பிட்டனான்" என்றார்.

அதன்பின் சின்ன வேடம் என்ற சொல்லை நான் சொன்னதில்லை.

மூட்டுவலி முற்றியதும் எங்களோடு வந்துவிட்டார். பிறகு இருதயம் பலவீனமாகி மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். கட்டிலில் இருந்தபடியே பெரிய மருத்துவரைப் போலத் தலையசைத்துக் காட்டித் தாதிமாரைச் சிரிக்கவைத்தார்.

அந்தத் தாதிமாருக்கும், திராமன் நகரிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த மச்சாளுக்கும், இலண்டனிலிருந்து வந்து அவர் உடல் இருந்த பெட்டியைச் சுமந்த நாடகத் தோழர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

தகனத்துக்கு முன் அண்ணாவின் முகத்தை வேண்டியமட்டும் பார்த்தேன். போதவில்லை. அப்பாவைக் கூப்பிட அண்ணா இருந்தார். அண்ணாவைக் கூப்பிட எனக்கு நடிக்கத் தெரியாது.